தார்சா வெளிச்சமா, ஒளிப்பெட்டியா, மின்விளக்கா, ஸ்டூடியோவா? கைவினைப் பொருளைப் போனில் படமெடுக்க ஓர் ஒப்பீடு

தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியே கைவினைப் பொருள்கள் செய்து இணையத்தில் விற்பவர்கள் ஆனி பிறந்ததுமே கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. ஓணத்துக்கான ஆர்டர்கள் கேரளத்திலிருந்து வரத் தொடங்குவதற்குள் புதுப் பொருள்களின் படங்கள் கடையில் ஏறிவிட வேண்டும். ஆனால் அந்த வாரங்களில்தான் குற்றாலச் சாரல் வானத்தை மூடிக்கொள்கிறது. படம் மங்கலாக வருகிறது, நிறம் மாறி வருகிறது, புதுப் போன் வாங்கலாமா, இணையத்தில் விற்கும், உள்ளே விளக்கு ஒட்டிய ஒளிப்பெட்டியை வரவழைக்கலாமா, இல்லையென்றால் ஸ்டூடியோக்காரரிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள்.

போனைப் பற்றிய கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். அமேசானில் வாடிக்கையாளர் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு அதன் நீண்ட பக்கம் 1,000 பிக்சல் இருந்தால் போதும். 12 மெகாபிக்சல் கேமரா உள்ள எந்தப் போனும் அதைப்போல நான்கு மடங்கு நீளமுள்ள படத்தைத் தருகிறது. ஆகவே, கையிலுள்ள போன் ஓரளவு சரியாக இருக்குமானால் பணத்தை அதில் போட வேண்டாம். படத்தைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் வெளிச்சமே. அந்த வெளிச்சத்தை எங்கிருந்து பெறுவது என்பதுதான் உண்மையான தேர்வு. வீட்டின் முன்பகுதியான தார்சாவில் விழும் பகல் வெளிச்சம், ஒளிப்பெட்டி, மின்விளக்கு, ஸ்டூடியோ என்ற நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

நிறம் உண்மையாக வருகிறதா என்பதையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். அழகான படம் ஒரு முறை விற்றுக் கொடுக்கும்; நிறம் பொய்யான படம் பொருளைத் திருப்பிக் கொண்டுவரும். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மைகளோடு பொருள் ஒத்துப்போகவில்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. கொல்லத்துக்கோ கோழிக்கோட்டுக்கோ போய்த் திரும்பி வரும் ஒரு பார்சலுக்கான கூரியர் செலவு, சிறிய காதணி ஒன்றின் இலாபத்தை முழுவதுமாக விழுங்கிவிடும். அதைவிட மோசம், அந்த வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார்.

இரண்டாவது, கைவேலை தெரிகிறதா என்பது. கோரையின் இழை, பனையோலையின் மடிப்பு, சுடுமண்ணில் விரல் அழுத்திய தடம், ஆரி வேலையில் நூல் எழும்பி நிற்கும் உயரம் ஆகியவை தெரிந்தால்தான் இயந்திரத்தில் அடித்த மலிவுப் பொருளோடு உங்கள் விலையை யாரும் ஒப்பிடமாட்டார்கள்.

மூன்றாவது நேரம். இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரே வடிவத்தை ஐம்பது முறை செய்து விற்பவருக்கு ஒரு படம் ஐம்பது விற்பனைக்கு உதவுகிறது. ஒவ்வொன்றையும் வேறு வேறாகச் செய்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே படமெடுத்தாக வேண்டும். இவ்விருவருக்கும் ஒரே வழி சரிவராது.

நான்காவது, சாரல் காலத்திலும் இரவிலும் அந்த வழி கைகொடுக்குமா, கடையின் படங்கள் எல்லாம் ஒரே சீராக இருக்குமா என்பவை. பணத்தை நான் கடைசியில்தான் வைக்கிறேன். முதலீடு இங்கே எந்த வழியிலும் பெரிதில்லை. பெரியது, பின்னால் ஒளிந்துவரும் செலவு.

## தார்சா வெளிச்சம்

வீட்டின் முன்புறத் தார்சாவோ திண்ணையோ அகலமான ஜன்னலோ போதும். செலவு ஒரு வெள்ளை சார்ட் பேப்பரும் ஒரு தெர்மாகோல் அட்டையும்தான். நேர்வெயிலில் வைக்கக் கூடாது. திறப்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, நிழலில் பொருளை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்தில் தெர்மாகோலை நிறுத்தினால், இருண்டிருக்கும் பாதி மென்மையாகத் தெளியும். இழையும் மடிப்பும் எழும்பித் தெரிவதற்குப் பக்கவாட்டு வெளிச்சத்தை மிஞ்சிய ஒன்று இல்லை. பத்தமடைக் கோரையில் தைத்த கைப்பைகளை இப்படி எடுத்துப் பார்த்தால், தாமிரபரணிக் கரையின் அந்த மெல்லிய நெசவு திரையிலேயே கைக்கு அகப்படுவதுபோல் வரும்.

வடக்கு ஜன்னலில் எடுங்கள், அங்கே வெயில் விழாது என்று புகைப்பட வழிகாட்டிகளில் அடிக்கடி படிக்கிறோம். அது நிலநடுக்கோட்டுக்கு வெகு வடக்கே இருக்கும் நாடுகளுக்கு எழுதப்பட்ட அறிவுரை. செங்கோட்டை ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை சூரியன் நாள் முழுவதும் நமக்கு வடக்கே சாய்ந்துதான் செல்கிறது. அம்மாதங்களில் வானம் தெளியும் நாளில் வடக்கு ஜன்னலில்தான் வெயில் விழும். தெற்குப் பார்த்த திறப்பு நிழலாக இருக்கும். அக்டோபரிலிருந்து மார்ச் வரையில் இது தலைகீழாகி, வடக்கு ஜன்னல் நன்றாகப் பயன்படும். இரண்டு பக்கமும் திறப்புள்ள வீடு அமைந்தவர்கள், ஓணத்துக்குத் தெற்கிலும் பொங்கலுக்கு வடக்கிலும் எடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

சாரல் மேகத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மேகம் மூடிய வானம் முழுவதும் ஒரே பெரிய, மென்மையான விளக்காகிவிடுகிறது. பித்தளை, கண்ணாடி மணி போன்ற பளபளப்பான பொருள்களுக்கு இது நல்லது. குறை என்னவென்றால் வெளிச்சத்தின் அளவு குறைகிறது. அளவு குறைந்தால் போன் தானாகவே ஷட்டரை மெதுவாக்கும், அதாவது படம் பதிய அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். கை சற்று நடுங்கினாலும் படம் கலையும். அதோடு படத்தில் எழும் புள்ளிகளை மறைக்கப் போனின் மென்பொருள் இழைகளை வழித்துவிடும். ஒரு சிறிய முக்காலி ஸ்டாண்டும், இரண்டு மூன்று நொடி டைமரும் இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும். காற்றின் ஈரம் லென்ஸில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் துடைத்துக்கொள்வது அவசியம்.

இனி, ஒளிந்திருக்கும் செலவுகள். நம் வீடுகளில் தரை காவிச் சிவப்பு, சுவர் பச்சை அல்லது ரோஜா நிறம், வெளியே வாழையும் தென்னையும். இவை ஒவ்வொன்றும் தன் நிறத்தை வெளிச்சத்தோடு கலந்து அனுப்புகின்றன. கேரளத்து வாடிக்கையாளர் கேட்கும் தந்தவண்ணச் செட்டுமுண்டில் கையால் ஓவியம் தீட்டி விற்பவர்களுக்கு இது பெரிய தொல்லை, ஏனென்றால் அந்தத் துணி எந்தச் சாயலையும் உடனே ஏற்றுக்கொண்டுவிடும். கீழே வெள்ளைத் துணி விரித்து, சுவர்ப்பக்கம் தெர்மாகோலை நிறுத்தி மறைத்துக்கொள்ள வேண்டும். நீலம் போட்டு வெளுத்த வேட்டியை இதற்கு விரிக்க வேண்டாம். அதன் நீலச்சாயலும் படத்தில் வரும்.

அடுத்தது, நான் மிகவும் கனமாக எடைபோடுவது: நல்ல வெளிச்சம் இருக்கும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை உள்ள நேரம், வீட்டில் பலருக்கும் சமையலும் துவையலும் நெருக்கும் நேரம். இலவசம் என்று சொல்லப்படும் இந்த வெளிச்சத்துக்கு வீட்டுப் பெண் தன் நாளின் மிக இறுக்கமான பகுதியை விலையாகக் கொடுக்கிறார். இதைக் கணக்கில் சேர்க்காத எந்த ஒப்பீடும் நேர்மையானதில்லை. அதோடு சாரல் வந்து வந்து விலகும் நாளில், அடுத்தடுத்து எடுத்த படங்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

பனையோலை, கோரை, சுடுமண், குரோஷே, பருத்தி ஆகியவற்றில், அதிலும் ஒவ்வொன்றும் தனித்த வடிவமாகச் செய்பவர்களுக்கு, பகலில் ஒரு மணி நேரம் தடையின்றிக் கிடைக்குமானால் இதைவிட்டு வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

## ஒளிப்பெட்டி

மடித்து வைக்கக்கூடிய, உள்ளே எல்.இ.டி. பட்டை ஒட்டிய இந்தப் பெட்டிகளில் சிறியவை ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. பல பெட்டிகள் யூ.எஸ்.பி. வழியாக இயங்குவதால், மழையில் மின்சாரம் போனாலும் பவர் பேங்கில் ஓட்டிக்கொள்ளலாம். இரவிலும் எடுக்கலாம். அமேசானின் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கட்டாயம், பொருள் படத்தின் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும். அந்த வகைப் படத்துக்கு இது நெருக்கமான, எளிய வழி. ஆனால் பின்னணி தானாக வெள்ளையாகிவிடும் என்று எண்ண வேண்டாம். திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்போது போன் அதை அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு படத்தைச் சாம்பலாக்கும். போன் திரையில் பொருளைத் தொட்டுக் குவியத்தை (ஃபோகஸை) பூட்டிவிட்டு, அருகில் தோன்றும் வெளிச்சக் கோட்டைச் சற்று மேலே இழுக்க வேண்டும்.

இதன் குறைகள் அதன் அமைப்பிலேயே இருக்கின்றன. எல்லாப் பக்கமும் வெளிச்சம் சமமாகப் பரவுவதால் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் நெசவும் மடிப்பும் தட்டையாகிவிடும். பனையோலைப் பெட்டியை ஒளிப்பெட்டியில் எடுத்தால் பிளாஸ்டிக் பெட்டிபோல் தெரிவது இதனால்தான். பித்தளைச் சிமிழை வைத்தாலோ, மேலே உள்ள எல்.இ.டி.கள் வரிசையான வெள்ளைப் புள்ளிகளாக அதன் வளைவில் பிரதிபலிக்கும். பட்டைக்குக் கீழே ட்ரேசிங் பேப்பரை ஒட்டினால் ஓரளவு மறையும்.

நிறம் இன்னும் பெரிய கவலை. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 100 என்பது முழு அளவு. மலிவான பெட்டிகள் பலவற்றில் இந்த எண் அச்சிடப்படுவதில்லை. தரம் குறைந்த எல்.இ.டி. முதலில் கெடுப்பது ஆழ்ந்த சிவப்பைத்தான். நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை மாதிரியில் சிவப்புக் கல் பதித்த நெற்றிச்சுட்டியோ, சுடுமண் ஜிமிக்கியோ விற்பவர்களுக்கு அந்தச் சிவப்புதான் மூலதனம். பெட்டியை வாங்கிய அன்றே ஒரு சிவப்புப் பொருளைப் பெட்டிக்குள்ளும் தார்சாவிலும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் அது பழுப்பாகத் தெரிந்தால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

காதணி, மோதிரம், பட்டு நூல் வளையல், ரெசின் சாவிக்கொத்து போன்ற உள்ளங்கை அளவுப் பொருள்களை நிறைய எண்ணிக்கையில், வெள்ளைப் பின்னணி கட்டாயமான தளத்தில் விற்பவர்களுக்கு இது பொருந்தும். கைப்பையும் பாயும் விற்பவர்களுக்கு அளவே இடம் கொடாது.

## மின்விளக்கும் தெர்மாகோலும்

இரவு ஒன்பது மணிக்குமேல், குழந்தைகள் தூங்கியபின், வீட்டின் ஒரு மூலையில் அமைதியாகப் படமெடுப்பதற்கான வழி இது. பகல் நேரம் கையில் இல்லாதவர்கள் தார்சாவில் தொடங்கிச் சலித்துப்போவதைவிட நேராக இதற்கே வந்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு விளக்கு வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். ஒன்று போதும், மறுபக்கத்தைத் தெர்மாகோல் பார்த்துக்கொள்ளும். மிச்சமாகும் பணத்தை, பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்குமேல் என்று அச்சிட்ட எல்.இ.டி. விளக்கு வாங்கப் பயன்படுத்துங்கள். வீட்டுக்கு வாங்கும் சாதாரண பல்புகள் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியே இருக்கும். வெளிச்சம் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதைக் காட்டும் அளவான நிறவெப்பம் 5,000-க்கும் 5,600-க்கும் இடைப்பட்ட கெல்வினாக இருந்தால் பகல் வெளிச்சத்தை ஒட்டி வரும். பொருளுக்கும் விளக்குக்கும் நடுவே, ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய ட்ரேசிங் பேப்பரையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ நிறுத்த வேண்டும். அந்தத் திரை எவ்வளவு பெரிதாகவும் பொருளுக்கு எவ்வளவு அருகிலும் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும். எல்.இ.டி. அல்லாத, சூடேறும் பல்புகளுக்கு அருகே தாளையோ துணியையோ வைக்கக் கூடாது.

படமெடுக்கும்போது அறையின் டியூப்லைட்டை அணைத்து, பகலென்றால் ஜன்னலையும் மூடிவிட வேண்டும். வேறு வேறு நிறவெப்பமுள்ள இரண்டு வெளிச்சங்கள் கலந்தால் பொருளின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும். பிறகு செயலியில் அதைச் சீராக்குவது கடினம். திரையில் கோடு கோடாகப் பட்டைகள் ஓடினால், அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குவதன் விளைவு. அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும் போனின் புரோ முறையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பட்டைகள் மறையும்.

ரீல்ஸ் எடுக்க வாங்கிய வட்ட விளக்கு வீட்டில் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். முகம் காட்டிப் பேசும் வீடியோவுக்கு அது நல்லது. பொருளுக்கு அது லென்ஸின் திசையிலிருந்தே வெளிச்சம் தருவதால் நெசவைத் தட்டையாக்கும்; பளபளப்பான எதிலும் வெள்ளை வளையமாகத் தன்னைப் பதித்துவிடும்.

இந்த வழியின் பெரிய பலன் சீர்மை. விளக்கு, பொருள், போன் மூன்றும் நிற்கும் இடத்தைத் தரையிலும் மேசையிலும் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால், சித்திரையில் எடுத்த படமும் கார்த்திகையில் எடுத்த படமும் ஒரே கடையின் படங்களாகத் தெரியும். விலை என்னவென்றால், சரியான இடங்களைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தில் பல மாலைகள் போகும். வீட்டில் ஒரு மூலை நிரந்தரமாக இதற்கென்று போகும். சிறிய வீட்டில் இரண்டாவதுதான் கடினம். சாரலில் மின்வெட்டு வந்தால், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் அன்றைய வேலை நின்றுபோகும்.

## ஸ்டூடியோ

நம் ஊர்ப்பக்கத்து ஸ்டூடியோக்களுக்குக் கல்யாணமும் பாஸ்போர்ட் படமுமே அன்றாடத் தொழில். பொருள்களைப் படமெடுப்பது தனிப் பயிற்சி; ஆகவே முன்பு எடுத்த பொருட்படங்களைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு படத்துக்கு எவ்வளவு, திருத்தத்துக்குத் தனியாக எவ்வளவு, முழு அளவுக் கோப்பு கிடைக்குமா, விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாமா என்பவற்றை முதலிலேயே பேசிவிட வேண்டும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்; ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் அபாயம் திருத்தத்தில் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தின் பளிச்சென்ற நிறத்துக்குப் பழகிய கை, செட்டுமுண்டின் தந்தவண்ணத்தைப் பால்வெள்ளையாகவும் அரக்குச் சிவப்பை ரத்தச் சிவப்பாகவும் மாற்றிவிடும். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு அருகில் உட்கார்ந்து ஒப்பிட அனுமதிப்பவரிடம் மட்டுமே கொடுங்கள்.

ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் விற்பவர்கள், பித்தளையும் கல்நகையும் விற்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் செலவு நியாயமானது. ஆண்டுக்கொரு முறை கடையின் முகப்புப் படத்துக்காகவும் போகலாம்.

## ஒரே பார்வையில்

| | தார்சா | ஒளிப்பெட்டி | மின்விளக்கு | ஸ்டூடியோ |
|---|---|---|---|---|
| நிறம் | மிக நன்று, சுவர் தரைச் சாயலை மறைத்தால் | சோதித்த பிறகே நம்பலாம் | சி.ஆர்.ஐ. 90 இருந்தால் நன்று | திருத்துபவரைப் பொறுத்தது |
| இழை, நெசவு | மிகத் தெளிவு | தட்டை | தெளிவு | தெளிவு |
| சாரல், இரவு | சாரலில் ஸ்டாண்டு வேண்டும். இரவில் இல்லை | இரண்டிலும் | மின்சாரம் இருக்கும்வரை | இரண்டிலும் |
| மறைந்த செலவு | காலை நேரம் | நிறப் பிழையால் திரும்பும் பார்சல் | வீட்டில் ஒரு மூலை | போக்குவரத்து, திருத்தம் |
| பொருத்தம் | தனித்த வடிவங்கள் | சிறு பொருள், வெள்ளைப் பின்னணி | இரவில் படமெடுப்பவர்கள் | ஒரே வடிவம் பல முறை |

## எந்த வழியானாலும் போனில் செய்ய வேண்டியவை

அகலக்கோண லென்ஸ் பொருளின் விளிம்பை வளைத்துவிடும். முதன்மை லென்ஸிலேயே சற்று விலகி நின்று எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறை, ஜிமிக்கியின் கம்பியையும் பைக்குஞ்சத்தின் நூலையும் சேர்த்து மங்கலாக்கும். அதை அணைத்துவிட வேண்டும். பின்னணி நீக்கும் செயலிகளும் கோரை நுனிகளை இப்படியே தின்றுவிடுகின்றன. பொருளை வைக்காத இடத்தில் வைத்ததுபோல் செயற்கையாகப் பின்னணி வரைந்து தரும் செயலிகளை நான் பரிந்துரைக்கவில்லை, ஏனென்றால் அவை பின்னணியோடு நிற்காமல் பொருளின் வேலைப்பாட்டையும் தொட்டு மாற்றிவிடுவதுண்டு. வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் அமைப்பான வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) புரோ முறையில் பூட்டிவைத்தால் படத்துக்குப் படம் நிறம் தாவாது.

ஒவ்வொரு பொருளுக்கும் முன், பின், நெருக்கம், அளவு என நான்கு கோணங்களாவது வேண்டும். அளவைக் காட்ட ஒரு கையோ அளவுகோலோ படத்தில் இருக்கட்டும். கைவேலையில் இயல்பாக வரும் சிறு ஏற்ற இறக்கத்தையும் ஒரு படத்தில் காட்டிவிட்டால், வாங்குபவர் அதைக் குறையென்று எண்ணித் திருப்பி அனுப்பமாட்டார்.

## யாருக்கு எது

வடிவத்துக்கு வடிவம் மாறும் பொருளும் பகலில் ஒரு மணி நேரமும் உள்ளவர்கள் தார்சாவில் எடுங்கள். வடிவம் மாறும், ஆனால் பகல் கிடைக்காது என்பவர்கள் ஒரு விளக்கோடு தொடங்குங்கள். சிறு நகைகளை அமேசானில் விற்பவர்கள் முதன்மைப் படத்தை ஒளிப்பெட்டியிலும், வேலைப்பாடு தெரிய வேண்டிய மற்றப் படங்களைத் தார்சாவிலும் எடுக்கலாம். இரண்டையும் கலப்பதில் தவறில்லை, இரண்டிலும் நிறம் ஒத்துப்போனால் போதும். ஸ்டூடியோவுக்குப் போவதென்றால், நன்றாக விற்று நிலைத்துவிட்ட வடிவங்களுக்கு மட்டும் போங்கள். புதிதாகச் செய்து பார்க்கும் ஒன்றுக்கு அந்தச் செலவு வேண்டாம். அப்படிப் போனாலும், வீட்டில் எடுக்கும் அடுத்த படம் அதனருகே சோர்ந்து தெரியாதபடி, ஸ்டூடியோவிலும் நீங்கள் வழக்கமாக வைக்கும் பின்னணித் துணியையே கொண்டுபோய்க் கொடுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. கடையில் மிக அதிகம் விற்கும் பொருளை, உங்களால் இயன்ற இரண்டு வழிகளில் எடுங்கள். உங்கள் போன் திரை நிறங்களைக் கூட்டிக் காட்டும் அமைப்பில் இருந்தால் இயல்பான நிறத்துக்கு மாற்றிவிட்டு, இரண்டு படங்களையும் வேறு நிறுவனப் போன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆவணமாக அனுப்புங்கள். பொருளையும் அவர் கையில் கொடுத்து, பகல் வெளிச்சத்தில் எந்தப் படம் இதுபோலவே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். எது அழகாக இருக்கிறது என்று கேட்க வேண்டாம். அவர் காட்டும் படம் எந்த வழியில் எடுத்ததோ, இந்த ஓணத்துக்கான பொருள்களை அந்த வழியிலேயே எடுக்கத் தொடங்கலாம்.